வீட்டுக்குள் வராத கவர்

உட்கார்ந்த இடத்தில் ஐந்து நிமிடம் எனக்கு இருப்புக் கொள்ளாது. இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. ஏரிக்கரைத் தபால் நிலையம் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் நின்றுகொண்டே சீல் அடித்தவள் நான். நாற்காலி இருந்தது, உட்கார்ந்தால்தான் எனக்குக் கை ஓடாது. ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகு கைக்கும் வேலை இல்லை, காலுக்கும் வேலை இல்லை. காலையில் படகுத்துறை வரை போவேன், திரும்புவேன், ஒரு டீ குடிப்பேன், மறுபடி போவேன். "இன்னாத்துக்கு இப்பிடி லோலோன்னு அலையற?" என்று அம்மா கேட்பாள். பதில் சொன்னால் சண்டை வரும். சொல்லாவிட்டாலும் வரும்.

அப்படி அலைந்த ஒரு நாளில் டச்சுக் கல்லறை வாசலில் சென்னைக்காரர் ஒருவர் என்னை நிறுத்தினார். பழைய தபால்தலை, பழைய கவர் எல்லாம் சேர்க்கிறவராம். டச்சுக்காரர்கள் காலத்துக் கவர் இங்கே யார் வீட்டிலாவது கிடைக்குமா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"சார், டச்சுக்காரன் மூட்ட முடிச்ச கட்டிகினு போனப்பறம்தான் ஒலகத்துல ஸ்டாம்பே வந்துச்சு. சந்தேகம்னா உள்ள படுத்துகினு இருக்காங்க, கேட்டுப் பாருங்க" என்றேன்.

மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. எந்தக் காலத்துக் கவரானாலும் சரி, சீல் தெளிவாக இருந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். அதன் பிறகு ஆளையே காணோம். ஆனால் அந்தப் பைத்தியம் என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் கோட்டைக்குப்பத்தில் ஆரம்பித்து லைட்ஹவுஸ் குப்பம், ஆரம்பாக்கம் என்று வீடு வீடாகப் போய்ப் பழைய கவர் கேட்க ஆரம்பித்தேன்.

கடிதத்தை யாரும் வைத்திருக்கவில்லை. கவரை வைத்திருந்தார்கள். கவர் கெட்டியான காகிதம், சும்மா தூக்கி எறிய மனசு வராது. ஒரு வீட்டில் கவருக்குள் வலை பின்னும் ஊசி இருந்தது. இன்னொரு வீட்டில் பிள்ளைக்கு முதல் மொட்டை போட்ட முடி. கோயில் திருநீறு, கீரை விதை, ரேஷன் கார்டு, எல்லாம் கவருக்குள்தான். உள்ளே இருப்பதைக் கொட்டி வாங்கிக்கொண்டு பதிலுக்கு நான் ஒரு புதுக் கவர் கொடுத்துவிடுவேன். "போஸ்டாபீசு அம்மாவுக்கு மறை கழண்டுச்சு" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் சீலைப் படிப்பேன். முன்பக்கம் எந்த ஊரில் எந்தத் தேதியில் போட்டது, பின்பக்கம் எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தது. அப்புறம் அந்த வீட்டுக்கே திரும்பிப் போய், இந்த மாசத்தில் உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று குடைவேன். துபாய்க்குப் போனவன் அனுப்பிய முதல் கவர், பெண் கேட்டு வந்த கவர், வேலை கிடைத்துவிட்டது என்று வந்த கவர். எல்லாக் கதையும் கிடைத்தது. ஒரே ஒரு வகைக் கவர்தான் எந்த வீட்டிலும் கிடைக்கவில்லை.

அது சாவுச் சேதி வந்த கவர். அந்தக் காகிதத்தை எங்கள் பக்கம் வீட்டுக்குள் எடுத்துப்போக மாட்டார்கள். வாசலுக்கு வெளியே நின்றே படித்து, கவரோடு சேர்த்துக் கிழித்துப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே நுழைவார்கள். வைத்திருந்தால் அடுத்த சாவு அந்த வீட்டில் என்று பயம். தபால்காரர்கூட அப்படிப்பட்ட கார்டு என்று தெரிந்தால் தெருவிலேயே நின்று கூப்பிடுவார்.

அப்படியொரு கவர் என் கண்ணில் படும் என்றோ, அது எங்கள் வீட்டுக் கவராக இருக்கும் என்றோ நான் கனவிலும் நினைக்கவில்லை.

என் அம்மாவுக்கு ஒரே தம்பி. எனக்குத் தாய்மாமன். கல்யாணம் ஆவதற்கு முன்பே விசைப்படகு வேலைக்கென்று காக்கிநாடா போனவர், அங்கேயே தங்கிவிட்டார். எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது அம்மாவின் அப்பா, என் தாத்தா, செத்துப்போனார். ஐப்பசி அடைமழை. பொன்னேரி ரோடு தண்ணீரில் கிடந்தது. தந்தி கொடுக்கப் பொன்னேரிக்குப் போகவும் வழியில்லை. பிணத்தை எத்தனை நாள் வைப்பது? மருமகனான என் நைனாவே மகன் இடத்தில் நின்று கொள்ளி வைத்தார். பதினாறாம் நாள் காரியத்துக்காவது வந்து சேரட்டும் என்று மாமாவுக்கு ஒரு கடிதம் எழுதி வாங்கி அம்மா நைனா கையில் கொடுத்தாள்.

"மூணா நாளே உங்க நைனா அந்தக் கொட்டற மழையில நனைஞ்சிகினு போய் லெட்டர போட்டுட்டு வந்தாரு. நாலு நாளு ஜுரம் வேற. ஆனா பெத்த புள்ள வரல பாரு." இதை அம்மா வாயால் நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

மாமா வந்தார். காரியம் முடிந்து, மாசம் திரும்பி, எல்லாம் ஆன பிறகு வந்தார். நன்றாக ஞாபகம் இருக்கிறது, நான் வாசலில் கருவாட்டுக்குக் காக்கை விரட்டிக்கொண்டிருந்தேன். கையில் ஒரு துணிப்பையோடு வந்து நின்றவர், "அக்கா, நாலு நாளு முன்னாலதான் லெட்டரு வந்துச்சு. சத்தியமா. இத்த பாரு" என்று சட்டைப் பையிலிருந்து அந்தக் கவரை எடுத்து நீட்டினார்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அவள் கண்ணில் பட்டது ஒன்றுதான். சாவுக் காகிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறான்!

"அடப்பாவி! அப்பனுக்குக் கொள்ளி வெக்க வரல, சாவுக் காயிதத்த எங்கூட்டு வாசப்படிக்கு எத்துகினு வந்தியா? இன்னும் எவன் சாவணும் உனக்கு? என் தாலிய பாக்க வந்தியா?" என்று கத்தினாள். மண்ணை வாரி இறைத்தாள். தெருவே கூடிவிட்டது. மாமா திரும்பத் திரும்ப "சீலப் பாருங்க, யாராச்சும் சீலப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கவரைத் தொட எவனும் கை நீட்டவில்லை. நைனா வலையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், தலை நிமிராமல், "மடிச்சி வைப்பா, அப்பறம் பேசிக்கலாம்" என்றார்.

அப்புறம் யாரும் பேசவில்லை. கிட்டத்தட்ட ஐம்பது வருடம். நைனா போய்ப் பத்து வருடம் ஆகிறது. அந்தச் சாவுக்கும் அம்மா தம்பிக்குச் சொல்லி அனுப்பவில்லை. முப்பது வருடம் ஊரான் வீட்டுக் கவருக்கெல்லாம் சீல் அடித்தேனே, மாமா காட்டிய அந்த ஒரு சீலைப் பார்க்கவேண்டும் என்று ஒரு நாளாவது எனக்குத் தோன்றியதா? இல்லை. அம்மா சொன்னதுதான் எனக்கு வேதம்.

போன வருடம் மாமாவின் மகள் போன் செய்தாள். தமிழும் தெலுங்குமாகப் பேசுகிற பெண். அத்தை மகளை அங்கே அழைக்கிற முறைப்படி என்னை 'வதினா' என்று அழைத்தாள்.

"வதினா, எங்க நைனாவுக்கு ரொம்ப முடியல. டாக்டரு கைய விரிச்சிட்டாரு. அக்கா ஒரு தபா வந்து பாத்தா போதும்னு சொல்லிகினே இருக்காரு. அத்தைய இட்டுகினு வாங்க வதினா."

அம்மாவிடம் சொன்னேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. "எனக்குத் தம்பியே கெடையாது" என்றாள். அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் போனில் இரண்டு படம் அனுப்பினாள். ஒரு கவரின் முன்பக்கம், பின்பக்கம். இத்தனை வருடமாக அவர் அதை வீட்டுக்குள் வைக்காமல் படகில், சுக்கான் பக்கத்துப் பெட்டியில் வைத்திருந்தாராம். படகை விற்ற பிறகு மாட்டுக் கொட்டகை ஓலையில் செருகியிருந்தாராம். 'போஸ்டாபீசு பொண்ணாச்சே, அது பாத்தா புரிஞ்சிக்கும்' என்று அனுப்பச் சொன்னாராம்.

பார்த்தேன். படத்தைப் பெரிதாக்கி மறுபடியும் பார்த்தேன்.

பின்பக்கத்துக் காக்கிநாடா சீல் மாமா சொன்ன மாதிரியேதான் இருந்தது. முன்பக்கம் எங்கள் ஊர் சீல். தாத்தா செத்தது நவம்பர் முதல் வாரம். சீலில் இருந்தது அந்த மாதக் கடைசி வாரத்துத் தேதி. மூன்றாம் நாள் மழையில் நனைந்துகொண்டு போய்ப் போட்ட கடிதத்துக்கு இருபது நாள் கழித்து எப்படி சீல் விழும்?

முதலில் எங்கள் ஆபீஸ் மேலேயே பழி போடப் பார்த்தேன். காலையில் ஆபீஸ் திறந்ததும் முதல் வேலை, சீலில் தேதியை மாற்றி ஒரு நோட்டில் அடித்துப் பார்ப்பது. அதை யாரோ மறந்திருக்கலாம் அல்லவா? ஆனால் மறந்தால் பழைய தேதிதான் விழும். வராத தேதி விழாது. சரி, வெள்ளத்தில் ஆபீஸே மூடியிருந்தால்? எழுந்து போய் என் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தேன். தரையெல்லாம் கவர். அதே வருடம், அதே நவம்பர், எங்கள் ஊர் சீல் என்று தேடினேன். மூன்று கிடைத்தன. ஒன்று தாத்தா செத்த நாலாம் நாள். ஒன்று ஒன்பதாம் நாள். ஒன்று அதற்கும் இரண்டு நாள் பின்னால். மழையிலும் ஆபீஸ் நடந்திருக்கிறது, சீல் விழுந்திருக்கிறது. எங்கள் கடிதம் மட்டும் பெட்டிக்கு வரவே இல்லை.

நைனா, நீயா?

அன்று முழுக்க நான் வீட்டில் நிற்கவில்லை. துறைக்குப் போனேன், மீன் மார்க்கெட்டுக்குப் போனேன், முகத்துவாரம் வரை மணலில் நடந்தேன். எங்கே போனாலும் அந்தத் தேதி கூடவே வந்தது. ஏன் என்று தெரிந்தால் போதும் என்று இருந்தது. கடைசியில் ஊரில் ஏரிப் பாடு கணக்கு வைத்திருந்த பெரியவர் வீட்டுக்குப் போனேன்.

பாடு என்றால் எங்கள் ஊரில் ஏரியைப் பங்கு போடுவது. இறால் விழுகிற இடங்களுக்குச் சீட்டுக் குலுக்கிப்போட்டு, இன்னாருக்கு இந்த இடம், இந்த நாள் என்று ஊர் கூடிப் பிரிக்கும். பேர் உள்ளவனுக்குத்தான் சீட்டு. பேர் அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். என் நைனா லைட்ஹவுஸ் குப்பத்துக்காரர், கடல் தொழில் செய்தவர்; எங்கள் ஊருக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். அவருக்கு ஏரியில் பேர் கிடையாது. தாத்தா பேரில்தான் தாத்தாவோடு வலை போட்டுக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, எங்க தாத்தா பேரு நைனாவுக்கு எப்ப மாறுச்சு?" என்று கேட்டேன்.

பெரியவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "உங்க தாத்தா செத்த அந்த வருசமே. கார்த்திகைப் பாட்டுல. புள்ள வந்து நின்னிருந்தா அவனுக்குத்தான் குடுத்திருப்போம். பதினாறாம் நாளுக்கே வராத புள்ளைக்கு ஏரியில இன்னா பேருன்னு ஊரே ஒரே வாயா சொல்லிடுச்சு. கொள்ளி வெச்ச மாப்ள நிக்கறாரு, அவரு பேரையே ஏத்துன்னுட்டாங்க. தீபத்துக்கு மொத நாளு." பிறகு, "ஏம்மா?" என்றார்.

"ஒண்ணுமில்ல பெரியப்பா" என்று எழுந்துவிட்டேன்.

பழைய காலண்டரைத் தேடிப் பார்க்கும் வேலைகூட எனக்கு இல்லை. என்னிடம் இருந்த மூன்று கவரில் ஒன்று, தீபத்துக்கு மகளை அனுப்பச் சொல்லி எழுதிய சம்பந்தி வீட்டுக் கவர்; தீபத் தேதியை அதன் மேலேயே குறித்திருந்தார்கள். அதை வைத்து எண்ணிப் பார்த்தால், மாமாவின் கவரில் சீல் விழுந்தது பாடு முடிந்த மறுநாள்.

எனக்கு நைனா மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. செத்தவரோடு தெருவில் நடந்துகொண்டே சண்டை போட்டேன். ஆனால் அந்தப் பாட்டில் விழுந்த இறாலில்தான் நான் படித்தேன். என் வயதுப் பெண்கள் மீன் கூடை தூக்கப் போனபோது நான் மட்டும் பள்ளிக்கூடம் போனேன், அதனால் வேலை கிடைத்தது, அந்த வேலையில் சீல் படிக்கக் கற்றுக்கொண்டேன். மழையில் நனைந்ததும் பொய்யா, அந்த ஜுரமும் பொய்யா என்று யோசித்தேன். ஜுரம் பொய் இல்லை. நான்தான் நெற்றியில் ஈரத்துணி போட்டேன். மடியில் கடிதத்தோடு மழையில் எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்து படுத்திருக்கிறார். அழுகை வந்தது. நடுத்தெருவில் அழுதேன்.

காக்கிநாடாவிலிருந்து மறுபடி போன். சோறு இறங்கவில்லையாம். வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

அம்மாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "ம்மா, அந்த லெட்டர நைனா அன்னிக்கேதான் போட்டாரா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். "யாரு சொல்லிக் குடுத்தது? அந்தக் காக்கிநாடாக்காரனா? செத்து தெய்வமானவரு மேல பழி போட்டுட்டுச் சாவப் பாக்கறானா? இன்னொரு வார்த்த பேசின, நானும் உனக்குச் செத்தவதான்."

புரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் நம்பமாட்டாள். நம்பாததோடு, தம்பி மேல் இன்னும் ஒரு பழி ஏறும். மாமா வாசலைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேருவார். யாராவது ஒருவர் மேல் அந்தத் தப்பை இறக்கினால்தான் இவள் கால் நகரும். நைனா மேல் இறக்க முடியாது. மிச்சம் யார்?

"நைனா போடலன்னு சொல்லலம்மா" என்றேன். "நான்தான். அன்னிக்கு மழையில நைனா பாதி வழியில என்னப் பாத்து எங்கையில குடுத்து, ஓடிப்போய் பொட்டியில போடுன்னாரு. நான் ஸ்கூல் பையில வெச்சி மறந்துட்டேன். கேட்டதுக்குப் போட்டுட்டேன்னு பொய் சொன்னேன். அப்பறம் பையில பாத்துட்டு, பயந்து போய் யாருக்கும் தெரியாம போட்டேன். மாமா சொன்னது நெசம்மா. லெட்டரு லேட்டாத்தான் போச்சு."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "எத்தினி நாளு?" என்று கேட்டாள்.

"இருவது நாளு."

"மண்ண வாரி எறைச்சேனேடி அவன் மூஞ்சியில. நீ பாத்துகினுதானே நின்ன? வாயத் தொறக்கலியே?"

"இல்ல."

கையைக் கழுவினாள். பெட்டியைத் திறந்து இரண்டு புடவை எடுத்தாள். "எத்தினி மணிக்கு வண்டி?" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

சென்னைக்குப் போய் ரயில் ஏறினோம். வழி முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் நீட்டினால் வாங்கவில்லை. எதிர் சீட்டுப் பெண்ணிடம் கேட்டு வாங்கிக் குடித்தாள். நான் கதவுக்கும் சீட்டுக்கும் நடந்துகொண்டே காக்கிநாடா போய்ச் சேர்ந்தேன்.

மாமா கட்டிலில் ஒரு பிடி ஆளாகக் கிடந்தார். அம்மா போய்க் கீழே உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, நீ சொன்னது நெசம்டா. லெட்டரு லேட்டுதான்டா. எம்பொண்ணுதான்டா, இந்தப் பாவிதான் பையில வெச்சிகினு மறைச்சிட்டா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

மாமா என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவரும் பாடு தெரிந்த ஊரில் பிறந்தவர்தானே. அந்தத் தேதியை ஐம்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு யார் மறைத்தது என்று தெரியாதா?

"சின்னப் பொண்ணு. அதுக்கு இன்னா தெரியும். வுடுக்கா" என்றார். மகளைக் கூப்பிட்டு, கொட்டகையில் இருக்கிற கவரை எடுத்துக் கிழித்துப் போடச் சொன்னார். அந்தப் பெண் கிழித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். அம்மா எட்டு நாள் தன் கையாலேயே அவருக்குக் கஞ்சி ஊட்டினாள். ஒன்பதாம் நாள் அக்கா மடியிலேயே போனார்.

ஊர் திரும்பி ஏழு மாதம் ஆயிற்று. ஒரே வீட்டில் இருக்கிறோம். சோறு ஆக்கி மூடி வைத்துவிட்டுப் போய்விடுவாள். எனக்கு ஏதாவது சொல்லவேண்டும் என்றால் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லி அனுப்புவாள். தினமும் காலையில் எழுந்ததும், இன்று சொல்லிவிடலாம், நைனாதான் என்று போட்டு உடைத்துவிடலாம் என்று வாய்வரைக்கும் வரும். நான் பொறுமைசாலி இல்லை. என் வாழ்நாளில் வராத கோபத்தை அல்லவா அடக்கிக்கொண்டிருக்கிறேன்! கதவைத் திறந்துகொண்டு துறைக்குப் போய்விடுவேன். அங்கேயும் நிற்க முடியாமல் திரும்பிவிடுவேன்.

போன வெள்ளிக்கிழமை அப்படித் திரும்பி வந்தேன். அம்மா நைனா படத்துக்குப் பூப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் செருப்பை விட்டுவிட்டு உள்ளே நுழைந்ததும், திரும்பாமல், ஏழு மாதத்துக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"உங்க நைனா இருந்திருந்தா உன்ன மன்னிச்சிருப்பாரு. அவரு மனசு அப்பிடி. எனக்குத்தான் வர மாட்டேங்குது."

"ஆமாம்மா" என்றேன்.